110-ஆ, 126-ஆ? வீட்டில் கிடக்கும் சின்னக் கேமராவுக்கு ரோல் போட எது தோது

வளைகுடா போய் வந்தவர்கள் உள்ள குளச்சல், மார்த்தாண்டம், நாகர்கோவில் வீடுகளில் பழைய அலமாரியைத் துழாவினால் இந்த இரண்டில் ஒன்று அகப்பட வாய்ப்புண்டு: சோப்புப் பெட்டி அளவிலான 126 இன்ஸ்டாமாட்டிக், அல்லது சட்டைப் பையில் நுழையும் ஒல்லியான 110. 110, 126 என்பவை அந்தக் கேமராக்களில் போடும் பிலிம் வகைகள், இரண்டுமே கார்ட்ரிட்ஜ் எனும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்து வருபவை. எங்கள் வீட்டில் இரண்டும் இருந்தன. தொடர்ந்து ஓட்ட ஒன்று போதும் என்று முடிவெடுத்தபோது நான் 126-ஐ எடுத்துக்கொண்டேன். கேட்பவர்களுக்கு இது ஆச்சரியம்தான், ஏனென்றால் இன்று புது ரோல் தயாராவது 110-க்கு, 126-க்கு அல்ல.

110-இன் கதை சுருக்கமானது. கோடாக் 1972-இல் கொண்டுவந்தது, பூஜி 2009-இல் கைவிட்டது, லோமோகிராபி 2012-இல் மறுபடி தயாரிக்கத் தொடங்கியது. ஆர்க்கா என்ற கறுப்பு வெள்ளையும் டைகர் என்ற கலரும் வருகின்றன. உறையைப் பிரித்துக் கார்ட்ரிட்ஜை அப்படியே கேமராவில் போட்டால் வேலை முடிந்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கப்பல் கூலியும் வரியும் சேரும். இந்த வசதியில் 126 தோற்றுப்போகும், சந்தேகமில்லை. 1963-இல் வந்த அந்த வகைக்கு இத்தாலியின் பெர்ரானியா கடைசிவரை ரோல் போட்டது. அதுவும் நின்று பல வருடமாகிவிட்டது.

ஆனால் ரோல் வாங்குவது பாதி வேலைதான். எடுத்த ரோலை எங்கே கழுவுவது? என் முடிவை மாற்றியது இந்தக் கேள்விதான்.

110 பிலிமின் அகலம் 16 மி.மீ. வீட்டில் கழுவுகிறவர்கள் அதிகம் வைத்திருக்கும் பேட்டர்சன் டேங்கில் (வெளிச்சம் புகாத கழுவும் டப்பா) பிலிமைச் சுற்றும் ரீல் 35 மி.மீ., 127, 120 ஆகிய மூன்றுக்கும் பொருந்தும், ஆனால் 16-க்குச் சுருங்காது. தனி ரீல் தேட வேண்டும், இல்லையென்றால் இருட்டறையில் தட்டில் மருந்தை ஊற்றி, பிலிமை இரு முனையிலும் பிடித்து ஏற்றி இறக்க வேண்டும். லேபுக்கு அனுப்பினாலும் 16 மி.மீ. எடுப்பார்களா என்று முதலில் விசாரிக்க வேண்டியிருக்கிறது. 126 பிலிமோ 35 மி.மீ. அகலமே. வழக்கமான 35 ரோலுக்கு உள்ள டேங்க், ரீல், மருந்து, லேப் எல்லாம் அதற்கும் ஆகும். ரோலுக்கும் அப்படித்தான். கென்ட்மியர், இல்போர்டு, போமாபான், எது கைக்கு வருகிறதோ அதைப் போடலாம். ஒரு கம்பெனி நிறுத்திவிட்டால் அடுத்ததற்கு மாறிக்கொள்ளலாம். 110-க்கு அந்த நிம்மதி இல்லை.

35 ரோலை 126-இல் போட ஃபாக்மாட்டிக் மாதிரியான முப்பரிமாண அச்சு அடாப்டர்கள் கிடைக்கின்றன. பழைய காலி கார்ட்ரிட்ஜ் இருந்தால் அதைப் பிளந்தும் நிரப்பலாம். கொஞ்சம் பழக வேண்டும். 126 பிலிமில் ஒரு படத்துக்கு ஒரு துளைதான். கேமராவின் பல் அந்தத் துளையில் விழுந்ததும் சுற்று நின்றுவிடும். 35 பிலிமிலோ ஓரமெல்லாம் துளை, ஆகவே பாதி வழியிலேயே நிற்கும். லென்ஸை உள்ளங்கையால் மூடி, ஒரு வெற்றுக் கிளிக் கொடுத்து, மறுபடி சுற்ற வேண்டும். எத்தனை முறை என்பது கேமராவுக்குக் கேமரா மாறும். ஒரு வீணான பிலிமைப் போட்டுப் பின்மூடியைத் திறந்து வைத்து, படம் விழும் இடத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டே சுற்றிப் பார்த்தால் கணக்குப் பிடிபடும். பின்னாலுள்ள எண் ஜன்னலைக் கறுப்பு டேப்பால் ஒட்டிவிடுங்கள், 126 ரோலில் இருக்கும், வெளிச்சத்தை மறைக்கும் பின்தாள் இதில் இல்லாததால் வெளிச்சம் புகுந்துவிடும். ரோலைத் திருப்பிச் சுற்றும் வசதி கிடையாது, கழற்றுவது சேஞ்சிங் பேக்குக்குள்தான், அதாவது கைகளை நுழைத்து வேலை செய்யும் இருட்டுப் பைக்குள்.

படத்தின் ஓரத்தில் துளைகளும் பதியும். எனக்கு அது பிடிக்கும். பிடிக்காதவர்கள் வெட்டிக்கொள்ளலாம், மிஞ்சும் இடமே 110-ஐ விடப் பெரிது. 126-இன் சதுரம் பக்கத்துக்கு 28 மி.மீ., 110-இன் படம் 13-க்கு 17. பரப்பில் மூன்றரை மடங்கு வித்தியாசம். மாத்தூர் தொட்டிப்பாலத்தின் தூண் வரிசையைக் கீழே நின்று எடுத்துப் பார்த்தால் இது புரியும். தூணின் சொரசொரப்பு 126-இல் தெரிகிறது, 110-இல் பிலிமின் மணிகளோடு (கிரெய்ன்) கலந்துவிடுகிறது. இரண்டிலும் சாதாரண மாடல்களில் லென்ஸ் திறப்பும் ஷட்டர் வேகமும் பெரும்பாலும் நிலையானவை. நம் ஊர் வெயிலுக்கு ஐ.எஸ்.ஓ. 100 (ஒளியுணர்வு குறைந்த) பிலிம் போதும்.

கழுவும்போது நம் மாவட்டத்துக்கென்று இரண்டு கவனம். கறுப்பு வெள்ளை மருந்துக்கு வழக்கமாகச் சொல்வது 20 டிகிரி. குழாய்த் தண்ணீர் அதைவிடச் சூடு என்பதால் டேங்கைப் பனிக்கட்டி போட்ட வாளியில் வைக்கிறேன். கடலோரப் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்குக் காய்ச்சி வடித்த நீர் வாங்குங்கள், இல்லையேல் காய்ந்தபின் வெள்ளைத் திட்டு நிற்கும். கலருக்கு மருந்து 38 டிகிரியில் இருக்க வேண்டும். அதை வீட்டில் அதிகம் செய்ததில்லை, வெளியூர் லேபுக்குக் கூரியரில்தான் அனுப்புகிறேன், அதனால் அதைப் பற்றி உறுதியாகப் பேச மாட்டேன். நெகட்டிவை வெட்டாமல் தரச் சொல்லுங்கள். லேப் ஸ்கேனர் 24-க்கு 36 என்று எடுத்துக்கொண்டு சதுரத்தின் நடுவே வெட்டக்கூடும்.

இங்கே இரண்டு பருவமழையும் பெய்கிறது. ரோலை ஜிப் கவரில் போட்டுப் பிரிட்ஜில் வையுங்கள், கேமராவைச் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

காலாவதியான பழைய கார்ட்ரிட்ஜ் மலிவாகக் கிடைத்தால் சோதனைக்கு மட்டும் வாங்கலாம். கல்யாணமோ காதுகுத்தோ எடுக்க அதை நம்ப வேண்டாம்.

110-ஐ நான் பரிந்துரைக்கும் ஆட்களும் உண்டு. பெண்டாக்ஸ் ஆட்டோ 110 போல லென்ஸ் மாற்றும் கேமரா கையில் இருந்தால், கழுவ லேபும் உறுதியாக இருந்தால், புது ரோல் போட்டு எடுங்கள். இன்னொன்று: பல 110 கேமராக்களில் பிலிமின் துளை தொட்டால்தான் ஷட்டர் ஏறும். ரோல் இல்லாமல் அழுத்திப் பார்த்துவிட்டுப் பழுது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.