கையா, மேசையா: 8 இன்ச் டேப்பும் 11 இன்ச் டேப்பும்

மும்பைப் புறநகரான டோம்பிவிலியில் ஏறினால் கடைசி ஸ்டேஷனான சிஎஸ்எம்டி சுமார் 48 கிலோமீட்டர். காலை லோக்கல் ரயிலில், லேடீஸ் பெட்டியில், எனக்கு வாய்ப்பது பெரும்பாலும் நாலாவது சீட்தான். மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் 'தோடா சர்கோ' (கொஞ்சம் நகருங்க) சொல்லி ஓரத்தில் ஒண்டிக்கொள்வதற்கு மும்பையில் அப்படிப் பெயர். பாதி உடம்பு பலகையில், பாதி நடைவழியில். விழாமல் இருக்க ஒரு காலை ஊன்ற வேண்டும். இடது கை மடியில் இருக்கும் பையை அணைத்திருக்கும். மிச்சம் ஒரு கை. டேப்லெட் வாங்கினால் எட்டு இன்ச்சா பதினொன்றா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதிலில் பாதி அந்த ஒற்றைக் கையிலிருந்து வந்தது. மறுபாதி வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து.

இரண்டு வருஷத்தில் எங்கள் வீட்டுக்குள் மூன்று டேப் வந்துவிட்டது. மாமனாருக்கு வாங்கிய சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9, எனக்கு ஐபேட் மினி, மகளின் படிப்புக்கென்று வாங்கி இப்போது யாருடையது என்றே தெரியாமல் போன 11 இன்ச் ஐபேட். வசதியான வீடு என்று நினைத்துவிட வேண்டாம். முதலில் தப்பாக வாங்கினோம், அதனால் மறுபடியும் வாங்க வேண்டி வந்தது.

"சைஸ்தான் வேற, மத்ததெல்லாம் ஒண்ணு"

ஏ9 வாங்கிய கடையில் இப்படித்தான் சொன்னார்கள். நாங்களும் தலையாட்டிவிட்டு வந்தோம். ஏ9, ஏ9 பிளஸ் இரண்டும் 2023 அக்டோபரில் இங்கே சேர்ந்து வந்தவை. பெயரில் ஒரு 'பிளஸ்'தான் கூட, சரக்கு வேறு. சின்னது 8.7 இன்ச், திரையில் 1340க்கு 800 புள்ளிகள். பெரியது 11 இன்ச், 1920க்கு 1200. வகுத்துப் பார்த்தால் ஒரு இன்ச் நீளத்தில் சின்னதற்குச் சுமார் 179 புள்ளி, பெரியதற்கு 206. அதாவது எழுத்து எங்கே பொடியாகிறதோ அங்கேயே கூர்மையும் குறைகிறது. ஸ்பீக்கரும் சின்னதில் இரண்டு, பெரியதில் நான்கு.

மாமனார் படிப்பதெல்லாம் பழைய தமிழ்ப் புத்தகங்களின் ஸ்கேன். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலிருந்து நான்தான் இறக்கித் தருவேன். டேப் வந்த இரண்டாம் நாளே கூப்பிட்டார்.

"ஏம்மா, இது 'ர'வா, காலா? சொல்லு."

"பெருசு பண்ணிப் பாருங்க மாமா."

"பெருசு பண்ணினா வரி வெளிய ஓடிருது. ஒவ்வொரு வரிக்கும் வலது பக்கம் இழு, இடது பக்கம் இழு. இதுக்கு நம்ம லென்ஸே தேவலை."

அவர் சொன்னதில் பிழையில்லை. தமிழ் எழுத்துக்குப் பொடி அளவில் முதலில் காணாமல் போவது மெய்யின் மேல் இருக்கும் புள்ளி. அடுத்தது ர-வுக்கும் காலுக்கும் உள்ள வித்தியாசம், பிறகு ன-வும் ண-வும். ஸ்கேன் மங்கலாக இருந்தால் சொல்லவே வேண்டாம். ஆங்கிலப் புத்தகம் படிப்பவர் எட்டு இன்ச்சில் சமாளித்துவிடும் அளவில் நாம் முழிப்போம்.

ஆப்பிள் கடைக்குப் போனால் கதை தலைகீழ். 2024 அக்டோபரில் வந்த, ஏ17 ப்ரோ சிப் போட்ட மினிக்கு 8.3 இன்ச் திரை, இன்ச்சுக்கு 326 புள்ளி. 2025 மார்ச்சில் வந்த, ஏ16 சிப் போட்ட ஐபேட் 11 இன்ச் வகை, 264 புள்ளி. இங்கே சின்னதுதான் உசத்தி, சின்னதுதான் விலையும் அதிகம்: வெளியானபோது மினி 49,900 ரூபாய், 11 இன்ச் 34,900. இரண்டிலும் 128 ஜிபி. இட்லியைச் சின்னதாக வார்த்துவிட்டுக் கூடுதலாகக் காசு கேட்பது போல இருக்கிறது, ஆனால் சிப்பும் திரையும் உண்மையிலேயே ஒரு படி மேல். ஆகவே, எந்தக் கம்பெனியானாலும் சின்னதும் பெரியதும் ஒரே பொருளின் இரண்டு அளவு என்று எண்ணிக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். ஆண்ட்ராய்டு பக்கம் நம் கடைகளில் அதிகம் கிடைக்கும் எட்டு இன்ச் வகை பெரும்பாலும் சிக்கனச் சரக்கு. ஆப்பிளில் எட்டு இன்ச் என்பது சொகுசு.

55 சதவீதம், 75 சதவீதம்

திரை அளவை எல்லோரும் மூலைக்கு மூலை அளந்து சொல்கிறார்கள். எட்டேகாலும் பதினொன்றும், வித்தியாசம் மூன்று இன்ச்கூட இல்லையே என்று தோன்றும். நீள அகலமாகப் பார்த்தால்தான் விஷயம் புரியும். மினியின் திரை சுமார் 176க்கு 116 மில்லிமீட்டர். 11 இன்ச்சின் திரை 227க்கு 158. பரப்பில் முக்கால் பங்கு அதிகம்.

இதில் ஏ4 தாளை வைத்துப் பாருங்கள். அதன் அகலம் 210 மில்லிமீட்டர். மினியில் முழுப் பக்கத்தையும் காட்டினால் அது 55 சதவீதமாகச் சுருங்குகிறது. பதினொன்றில் 75 சதவீதம். 10 பாயின்ட் எழுத்தளவில் அச்சான கேள்வித்தாள் மினியில் ஐந்தரை பாயின்ட், அங்கே ஏழரை. ஏழரைச் சனி என்பார்கள், இங்கே ஏழரைதான் பிழைக்க வைக்கிறது. என் மகளின் பள்ளி அனுப்பும் ஒர்க்‌ஷீட், சொசைட்டி மெயின்டனன்ஸ் பில், மாமனாரின் லேப் ரிப்போர்ட், எல்லாம் ஏ4 பிடிஎஃப். பதினொன்றில் அப்படியே படித்துவிடலாம். மினியில் படுக்கை வாட்டில் திருப்பி, பாதிப் பக்கம் பாதிப் பக்கமாகத் தள்ள வேண்டும்.

ஆனால் பக்கம் திரைக்கேற்ப வளைந்துகொடுக்கும் ஈபப் கோப்பாக இருந்தால் மினிக்கு ஒரு குறையும் இல்லை. எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கலாம், வரி வெளியே ஓடாது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் ஒரே புத்தகத்தை ஈபப், ஏ4 பிடிஎஃப், 6 இன்ச் பிடிஎஃப் என்று தனித்தனியாகத் தருகிறார்கள். அந்த 6 இன்ச் பிடிஎஃப் மினியில் கச்சிதமாக உட்கார்ந்துகொள்கிறது. நாவல், சிறுகதை, கட்டுரை படிப்பவர் என்றால் சின்னது போதும். ஸ்கேனும் பாடப்புத்தகமும் என்றால் பெரியதுதான்.

'போனே இப்ப பெருசாத்தானே இருக்கு, எட்டு இன்ச் எதுக்கு' என்று என் கணவர் கேட்டார். 6.7 இன்ச் போன் நீளமானது, அகலம் ஏழு சென்டிமீட்டர்தான். மினியின் திரைப் பரப்பு அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சினிமா பார்க்க இந்த வித்தியாசம் அவ்வளவு உறைக்காது. படிக்க உறைக்கும்.

ரயிலில்

2010 அக்டோபரில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஏழு இன்ச் டேப்புகளை நக்கலடித்தார். அதைப் பயன்படுத்துபவர்கள் விரலைத் தேய்த்துச் சின்னதாக்கிக்கொள்ளக் கூடவே உப்புத்தாளும் தர வேண்டும் என்ற ரீதியில் பேசினார். அவர் மறைந்து ஓராண்டுக்குப் பின், 2012-ல், அவருடைய கம்பெனியே 7.9 இன்ச் மினியைக் கொண்டுவந்தது. அவர் ஒருமுறை நாலாவது சீட்டில் குர்லா வரைக்கும் வந்திருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டார்.

மினி 293 கிராம். 11 இன்ச் 477 கிராம். 477 என்பது அரை லிட்டர் பால் பாக்கெட் கனம். தூக்கிப் பார்க்கும்போது ஒன்றுமில்லை. தாணேயிலிருந்து தாதர் வரை முகத்துக்கு நேரே ஒரு கையில் பிடித்துப் பாருங்கள். கவரைக் கணக்கில் சேர்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. வீட்டுச் சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன்: மகள் கையில் தவறினாலும் உடையாது என்று வாங்கிய தடிமனான கவரோடு பெரியது 790 கிராம், மெல்லிய கவரோடு மினி 420.

கனத்தைவிட அகலம்தான் எனக்கு முக்கியமாகப் போனது. மினியின் உடம்பு 135 மில்லிமீட்டர் அகலம். என் கை சின்னது, முழுசாக வளைத்துப் பிடிக்க வராது. ஓரத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தி, அடியில் சுண்டுவிரலை முட்டுக்கொடுத்துப் பிடிப்பேன். கல்யாண் பக்கம் போகிற ஃபாஸ்ட் லோக்கல் குலுக்கும்போதுகூட நழுவியதில்லை. பெரியதை ஒரு நாள் கொண்டுபோனேன். விரித்ததுமே பக்கத்து அம்மாவின் மூக்குக் கண்ணாடியில் இடித்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு அது வீட்டைவிட்டுப் புறப்படவில்லை. ரயில்வேக்காரர்கள் 'சூப்பர் டென்ஸ் க்ரஷ் லோடு' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர் நிற்கும் நெரிசலுக்கு. அந்த நெரிசலில் எட்டு இன்ச்சும் பைக்குள்தான். கதவோரம் நின்றுகொண்டு எதையும் வெளியே எடுக்கவே கூடாது. தண்டவாளப் பக்கம் நின்று கையில் கம்பால் அடித்துப் போனைத் தட்டிவிடும் ஃபட்கா ஆட்களுக்கு இன்ச் கணக்கெல்லாம் கிடையாது.

தட்டச்சும் இதோடு சேர்ந்ததுதான். நான் தமிழ்99 விசைப்பலகை ஆள். மினியை நிமிர்த்திப் பிடித்தால் இரண்டு கட்டைவிரலும் நடுவில் சந்தித்துக்கொள்ளும். வாட்ஸ்அப் பதில் என்ன, அரைப்பக்கக் குறிப்பே அடித்துவிடுவேன். பதினொன்றில் கட்டைவிரல் நடு எழுத்துகளுக்கு எட்டாது. மேசையில் படுக்க வைத்துப் பத்து விரலால் அடிக்க அதுதான் சுகம்.

மேசையில்

வீட்டுக்குள் வந்ததும் மினி தோற்றுவிடுகிறது. மெதுவாக அல்ல, படீரென்று.

ராத்திரி எட்டு மணிக்கு அத்தை ஊறுகாய் ஜாடியில் டேப்பைச் சாய்த்து வைத்து சீரியல் பார்ப்பார், நான் சப்பாத்தி இட்டுக்கொண்டே இரண்டடி தூரத்திலிருந்து எட்டிப் பார்ப்பேன். அந்த தூரத்தில் எட்டு இன்ச் என்பது போன் மாதிரிதான். ஒருவர் பார்க்க எட்டு, இருவர் பார்க்கப் பதினொன்று. திருநெல்வேலியில் இருக்கும் என் நாத்தனாரோடு வீடியோ கால் வந்தால் நாலு தலை உள்ளே வர வேண்டும். பதினொன்றில் முன் கேமரா நீளப் பக்கத்து விளிம்பில் இருப்பதால் படுக்கை வாட்டில் வைத்துப் பேசினாலும் நேரே பார்ப்பது போல இருக்கும். மினியில் அது குறுகிய பக்கத்தில் இருக்கிறது. படுக்க வைத்தால் எல்லோரும் கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பியது போலத் தெரியும். 'என்ன அண்ணி, யாரப் பாத்துப் பேசுதீங்க' என்று ஒரு தடவை கேட்டுவிட்டாள்.

எழுதுவதில்தான் ஒரு வேடிக்கை. திரையில் எழுத ஆப்பிள் விற்கும் நல்ல பேனாவான பென்சில் ப்ரோ மினியோடு சேரும், ஏ16 ஐபேடோடு சேராது. அதற்கு யுஎஸ்பி-சி பென்சில், அல்லது அடாப்டர் போட்டுப் பழைய முதல் தலைமுறைப் பென்சில். பதினொன்றில் கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி வேறு உண்டு, முனை ஒரு இடம், கோடு கொஞ்சம் தள்ளி என்று தோன்றும். நல்ல பேனா இருக்கும் இடத்தில் எழுத இடமில்லை, இடம் இருக்கும் இடத்தில் பேனா சுமார். மகள் இரண்டிலும் கணக்குப் போட்டுப் பார்த்தாள். முக்கோணவியல் ஒரு கணக்கு மினியில் இரண்டு பக்கம் போனது. அன்றோடு பதினொன்றுக்கு மாறிவிட்டாள், இடைவெளியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பேட்டரிக்கு அதிகம் பேச வேண்டாம். பெரியதில் பேட்டரியும் பெரியது, திரை தின்பதும் அதிகம். வைஃபையில் பத்து மணி நேரம் என்று இரண்டுக்கும் ஒரே கணக்குதான் கம்பெனி சொல்கிறது. சிம் போடும் வகைக்குக் கூடுதலாக 15,000. அந்தக் காசுக்கு போன் ஹாட்ஸ்பாட் போதும், ரயிலுக்கு வேண்டியதை முதல் நாள் ராத்திரியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். 13 இன்ச்சைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்றால் உங்களுக்கு வேண்டியது லேப்டாப்.

வீட்டுக்கு ஒரே ஒரு டேப் வாங்கப் போகிறீர்கள் என்றால், யோசிக்காமல் 11 இன்ச். ஆண்ட்ராய்டு என்றால் யோசிக்கவே தேவையில்லை. எட்டு இன்ச் ஒரே ஆளுக்கான பொருள்: தினமும் ரயிலிலோ பஸ்ஸிலோ போகிறவர், படுத்துக்கொண்டு படிக்கிறவர், லேப்டாப் தனியாக வைத்திருப்பவர். அப்படிப்பட்டவருக்கு 15,000 ரூபாய் கூடக் கொடுத்து மினி வாங்குவது ஊதாரித்தனம் இல்லை. நான் மறுபடி வாங்க வேண்டி வந்தாலும் அதையே வாங்குவேன், என் காசில், என் பைக்குள் போட.

முடிவுக்கு வர முடியவில்லை என்றால் ஒரு வழி உண்டு. நீங்கள் அதிகம் படிக்கும் பக்கம் ஒன்றை ஏ4-ல் எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போய் 55 சதவீதம் ஒன்று, 75 சதவீதம் ஒன்று என்று குறைத்து இரண்டு காப்பி போடச் சொல்லுங்கள். பத்து ரூபாய்க்குள் முடிந்துவிடும். பெரிய டேப் வாங்கும் முந்தின நாள் நாங்கள் அதைத்தான் செய்தோம். மாமனார் 75-ஐச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கடைசி வரி வரை படித்தார். 55-ஐ ஒருமுறை கண்ணுக்கருகே கொண்டுபோனார், பின்பக்கம் திருப்பினார், மளிகை லிஸ்ட் எழுத ஆரம்பித்துவிட்டார்.