‘பை’யா (by), ‘அன்டில்’லா (until)?

“வெள்ளிக்குள் அனுப்புங்கள்” என்று ஆங்கிலத்தில் சொல்ல வந்து “சென்ட் இட் அன்டில் ஃப்ரைடே” என்று எழுதிவிடுகிறோம். வெள்ளி வரைக்கும் அனுப்பிக்கொண்டே இரு என்று ஆகிவிடும்.

பொருள்: ‘பை’ என்றால் “-க்குள்”, கெடுவுக்கு முன் எப்போது முடித்தாலும் சரி.
‘அன்டில்’ என்றால் “வரை”, அதுவரை தொடரும்.

வினை: ‘பை’யுடன் ஒரேயடியாக முடிபவை: ஃபினிஷ், பே, ரிட்டர்ன்.
‘அன்டில்’லுடன் நீடிப்பவை: வெயிட், ஸ்டே, ஒர்க்.

எதிர்மறையில்தான் தடுமாற்றம். “ஹீ வோன்ட் லீவ் அன்டில் ஃபைவ்” சரியே. ‘லீவ்’ சட்டென்று முடியும் வினைதான். ஆனால் கிளம்பாமல் இருப்பது நீடிக்கிறதே! ஐந்துக்கு முன் கிளம்பமாட்டார் என்று பொருள்.

நம் “-க்குள்” இன்னொரு வம்பும் செய்யும்: “வித்தின் ஃபைவ் ஓ’கிளாக்”. தவறு. ‘வித்தின்’னுக்குக் கால அளவு வேண்டும்: “வித்தின் டூ டேஸ்”. மணி, தேதி என்றால் ‘பை’.

ஆக, பில், விண்ணப்பம், கெடு தேதிக்கு ‘பை’. கடை நேரம், காத்திருப்பு, விடுப்புக்கு ‘அன்டில்’. விடுப்புக் கடிதத்தில் மட்டும் கவனம்: “ஆன் லீவ் அன்டில் மண்டே” என்றால் திங்களன்று வருவீர்களா, மாட்டீர்களா? “பேக் ஆன் டியூஸ்டே” என்றும் சேர்த்துவிடுங்கள்.