தாவீதின் வாழ்வைச் சொல்ல: சாமுவேல் நூல்களா, முதலாம் நாளாகமமா?

ஞாயிறு பள்ளியில் இஸ்ரவேலின் அரசரான தாவீதின் கதையைச் சொல்ல முனைவோர் பலர், வேதாகமத்தில் அதைக் கூறும் இவ்விரண்டில் எதைப் பின்பற்றுவதெனத் தயங்குகின்றனர்.

தொடக்கம்: சாமுவேல், பெத்லகேமில் ஆடு மேய்த்த இளைஞனைக் காட்டுகிறது. நாளாகமமோ முந்தைய அரசரான சவுலின் மரணத்துக்குப் பின் எப்ரோனில் அரசனாகும் தாவீதிடமிருந்தே கதையைத் தொடங்குவதால், அவர் பெலிஸ்திய வீரன் கோலியாத்தை வீழ்த்திய நிகழ்வு அதில் இல்லை.

வீழ்ச்சி: தாவீது பத்சேபாளுக்கு இழைத்த தீங்கையும், அவள் கணவன் உரியாவின் கொலையையும், தீர்க்கதரிசி நாத்தானின் கண்டனத்தையும், இறந்த மகன் அப்சலோமுக்காகத் தந்தை கதறியழுததையும் சாமுவேல் மறைக்காமல் சொல்கிறது, தாவீதை நமக்கு நெருக்கமாக்குவது இப்பகுதியே என்பது என் உறுதியான எண்ணம். நாளாகமம் இவற்றைக் கூறவில்லை.

ஆலயம்: நாளாகமத்தின் 22 முதல் 29 வரையிலான அதிகாரங்கள் ஆலயம் கட்டுவதற்காகத் தாவீது செய்த ஆயத்தங்களை விரிவாக விளக்குகின்றன.

மனந்திரும்புதலைக் கற்பிக்கச் சாமுவேலும், வழிபாட்டையும் காணிக்கையையும் கற்பிக்க நாளாகமமும் பொருந்தும்.