ஸ்கை தீவில் அன்றாடம் கில்ட்: நெடுநாள் அனுபவம்

ஸ்காட்லாந்தில் பெரும்பாலான ஆண்கள், இடுப்பிலிருந்து முழங்கால்வரை வரும் கொசுவ உடையான கில்ட்டைத் திருமணத்துக்கும் விழாக்களுக்கும்தான் உடுத்துகிறார்கள். அதையும் பலர் வாடகைக்கு எடுத்து, மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். நான் ஸ்கை தீவின் போர்ட்ரீ ஊரில் ஒரு விடுதியின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். சில ஆண்டுகளாக வேலைக்கும் கடைக்கும் நூலகத்துக்கும் கில்ட்டில்தான் போய்வருகிறேன். வசதியாக இருக்கிறதா, குளிராதா, இந்த மண்ணில் பிறக்காதவன் இதை உடுத்தலாமா என்று தமிழ் நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் உடை. என்னுடையது 8 கஜம், அதாவது ஏழு மீட்டருக்குச் சற்று அதிகமான சுத்தக் கம்பளித் துணியில் கையால் தைத்தது. தையற்காரர் இடுப்பளவை பேன்ட்டுக்கு எடுக்கும் இடத்தில் எடுக்கவில்லை, தொப்புள் உயரத்தில் எடுத்தார். நீளம் முழங்கால் சில்லின் நடுவரை. முன்பக்கம் இரண்டு அடுக்காகத் தட்டையாக விழும். மீதித் துணி முழுவதும் பின்பக்கம் கொசுவமாகப் போகிறது. ஒவ்வொரு கொசுவத்தையும் மடித்துத் தைத்த பிறகும் துணியின் கட்டம் உடையாமல் தொடர வேண்டும். என் கில்ட்டின் பின்பக்கத்தைத் தள்ளி நின்று பார்த்தால் மடிப்பே இல்லாத துணி போலத் தெரியும், நடக்கும்போதுதான் விரியும். அந்தக் கைவேலைக்காகவே ஐநூறு பவுண்டுக்கு மேல் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. நினைவுப்பொருள் கடைகளில் மலிவாகத் தொங்கும் செயற்கை இழைக் கில்ட்டுகளை வாங்காதீர்கள். மெல்லிய துணி என்பதால் கொசுவம் நிற்பதில்லை, காற்றுக்கும் தாங்குவதில்லை.

துணியின் எடையில் கஞ்சத்தனம் கூடாது. 13 அவுன்ஸ், 16 அவுன்ஸ் என்று கஜத்துக்குக் கணக்குச் சொல்வார்கள். ஸ்கை தீவின் காற்றுக்கு 16 அவுன்ஸ்தான் சரி. வேட்டி கட்டிப் பழகியவனுக்கு இது எளிது என்று நினைப்பவர்கள் உண்டு. கால்களுக்குக் கிடைக்கும் விடுதலை ஒன்றுதான். ஆனால் இது மடித்துக் கட்டவோ அவிழ்த்து இறுக்கவோ இடம் தராத உடை. வாரும் பக்கிளும் போட்டுவிட்டால் மாலைவரை அப்படியே நிற்கும்.

குளிர் பிரச்சினையே இல்லை. பின்பக்கக் கொசுவ அடுக்கும் தடித்த காலுறையும் போதும், முழங்கால் பழகிவிடுகிறது. மழைதான் சங்கடம். கம்பளி மெதுவாகத்தான் நனைகிறது, ஆனால் நனைந்த விளிம்பு முழங்காலின் பின்புறத்தை அராவிக்கொண்டே இருக்கும். கோடையில் காற்றில்லாத மாலை நேரங்களில் மிட்ஜ் என்ற பொடிப்பூச்சி கூட்டமாக வந்து காலைப் பதம் பார்க்கும். அப்போது நான் பேன்ட்டுக்கு மாறிவிடுகிறேன். நீண்ட கார்ப் பயணத்துக்கும் கில்ட் வேண்டாம், கொசுவம் கசங்கிவிடும்.

உட்காரும் முறையைக் கற்றுக்கொடுத்தவர் ஹைலேண்ட் என்ற ஸ்காட்லாந்து மலைநாட்டின் படைப்பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர். பஸ் நிறுத்தத்தில் ஒருநாள் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். இரண்டு கைகளாலும் பின்கொசுவத்தைக் கீழ்நோக்கி நீவியபடியே உட்கார வேண்டும் என்று காட்டிவிட்டு, என்னையும் செய்யச் சொன்னார். அடுத்து அவர் கை ஸ்போரனுக்குப் போனது. கில்ட்டுக்குப் பை கிடையாது என்பதால் இடுப்பிலிருந்து முன்னால் தொங்கும் தோல்பை அது. அதன் இரும்புச் சங்கிலி தினமும் உரசினால் துணி தேயும், தோல்வாருக்கு மாற்றிவிடு என்றார். மாற்றினேன், துணி இன்றுவரை தேயவில்லை.

இனி, யார் உடுத்தலாம் என்ற கேள்வி. டார்ட்டன் என்ற கட்டத் துணி குலத்துக்குக் குலம் வேறு, அந்தக் குலத்தில் பிறக்காதவர் தொடக்கூடாது என்று உறுதியாகச் சொல்பவர்களைச் சந்தித்திருக்கிறேன். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஸ்கையில் பிறந்த மார்ட்டின் மார்ட்டின், 1703இல் வெளியான தம் நூலில், தீவுக்குத் தீவு போர்வைத் துணியின் கோடும் நிறமும் மாறுவதால் ஆளின் துணியைப் பார்த்தே அவன் ஊரை ஊகிக்கலாம் என்கிறார். குலத்தை என்று அவர் சொல்லவில்லை. மன்னருக்கு எதிரான கிளர்ச்சியை அரசுப் படை முறியடித்த கல்லோடன் போருக்குப் பின் 1746இல் வந்த சட்டம் ஹைலேண்ட் உடையைத் தடைசெய்தது. முதல்முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை, மறுமுறை ஏழாண்டு நாடுகடத்தல். 1782இல்தான் அது நீங்கியது. குலத்துக்கொரு டார்ட்டன் என்ற ஏற்பாடு பெரும்பாலும் அதற்குப் பிறகு, 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்த காலத்தை ஒட்டித்தான் இறுகியது. இன்று டார்ட்டன்களுக்கு அரசுப் பதிவேடு இருக்கிறது. ஸ்காட்லாந்துச் சீக்கியர்களுக்கென ‘சிங்’ டார்ட்டனும் உண்டு. யாரும் எதையும் உடுத்தலாம், சட்டத் தடை கிடையாது.

ஆனாலும் எனக்குக் குலத் துணி எடுக்க மனம் வரவில்லை. மெக்லவுட் என்றோ மெக்டொனால்ட் என்றோ நான் உரிமை கொண்டாட முடியாது. இந்தத் தீவில் வீடு இருக்கிறது, வேலை இருக்கிறது, என் பிள்ளைகள் இங்கே பள்ளிக்குப் போகிறார்கள். ஆகவே ஸ்கை தீவின் டார்ட்டனையே எடுத்தேன். ஹெதர் பூவின் ஊதாவும் மலைச்சரிவின் பச்சையும் கலந்தது. அதை 1990களின் தொடக்கத்தில் வடிவமைத்தவர் ரோஸ்மேரி நிக்கல்சன் சாமியோஸ் என்ற ஆஸ்திரேலியர். அவருடைய மூதாதையர் ஸ்கையைச் சேர்ந்தவர்கள். ஆட்டுப் பண்ணைகளுக்காக நிலக்கிழார்கள் குடியானவர்களை வெளியேற்றிய கொடுமையில் இந்தத் தீவு பல தலைமுறைகளை இழந்தது. அப்படிப்பட்ட மண்ணின் துணியைக் கடல் கடந்து போன குடும்பத்தின் வழிவந்த ஒருவர் வரைந்தார் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

போர்ட்ரீயின் சமர்லெட் சதுக்கத்தில் ஒருமுறை கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து வந்த வயதான பெண்மணி என் கில்ட்டின் விளிம்பை விரலால் பிடித்துப் பார்த்தார். இது எந்தக் குலம் என்றார். குலம் இல்லை, இந்தத் தீவு என்றேன். அவருடைய முன்னோர் பக்கத்து பிரேஸ் கிராமத்துக்காரர்களாம். 1882இல் குடியானவர்கள் மேய்ச்சல் உரிமைக்காக கிளாஸ்கோவிலிருந்து வந்த போலீசாரையே கல்லெறிந்து எதிர்த்த இடம் அது. எனக்குத் தெரிந்த அந்தச் சம்பவத்தைச் சொன்னேன். அவர் தம் வீட்டில் வழிவழியாகச் சொல்லிவந்ததைச் சொன்னார். நான் எங்கிருந்து வந்தவன் என்ற கேள்வி கடைசியில்தான் வந்தது. சில சுற்றுலாப் பயணிகள் கேட்காமலேயே கேமராவைத் தூக்குவார்கள். அது பிடிக்காது, நின்று மறுத்துவிடுவேன். உள்ளூர்க்காரர்கள் படம் எடுப்பதில்லை, விளிம்பு சரியான உயரத்தில் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

பராமரிப்புக்கு இரண்டு வார்த்தை. இதை வாஷிங் மெஷினில் போடாதீர்கள். ஈரத்துணியை மேலே விரித்துத்தான் இஸ்திரி போட வேண்டும். பெட்டியில் வைக்குமுன் கொசுவத்தை நீள ஓட்டுத்தையலால் பிடித்துவையுங்கள். அந்துப்பூச்சிக்குத் தேவதாரு கட்டை போடுங்கள். இடுப்பு பெருத்தால் பக்கிளை நகர்த்தித் தைக்க இடம் விடும்படி முதலிலேயே கேளுங்கள். கோடைக்காக 13 அவுன்ஸ் துணியில் 5 கஜத்தில் இன்னொன்று தைக்கச் சொல்லியிருக்கிறேன். அதுவும் இதே ஸ்கை டார்ட்டன்தான்.