மெகானிக்கல் ஒயில் கேஜ்: மலைப்பாதையில் இரண்டு வருசம், 34,000 கிலோமீற்றர்

காலையில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஹட்டன் பாடசாலைகளுக்கு ஓடுகிறேன். சனி, ஞாயிறு என்றால் நுவரெலியா, கண்டி ஹயர். வண்டி 2.8 லீற்றர் டீசல் வேன், வயது முப்பதை நெருங்குகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதோடு வேறு வண்டி எடுக்கும் நினைப்பை விட்டுவிட்டேன். இந்த என்ஜின்தான் எங்கள் வீட்டுச் சாப்பாடு. 2023 தென்மேல் பருவ மழையில் டேஷ்போர்டில் ஒயில் பிரஷர் முள் விழத் தொடங்கியபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது.

எந்நேரமும் விழுந்திருந்தால் பிடிப்பது லேசு. நோர்வூட் பக்கம் குண்டும் குழியுமான இடத்தில் சடாரென்று பூச்சியத்துக்குப் போகும், அடுத்த விநாடி எழும்பிவிடும். பிறகு மூன்று நாள் ஒன்றும் இராது. ஒரு கராஜில் சொன்னதும் "பேரிங் தேஞ்சிருக்கு, என்ஜின இறக்கணும்" என்றார்கள். இன்னொன்றில் "சென்டர்தான், கணக்கெடுக்காதீங்க" என்றார்கள், அதாவது ஒயில் அழுத்தத்தை முள்ளுக்குச் சொல்லும் உணரியில்தான் கோளாறாம். இரண்டு இடத்திலும் யாரும் அளந்து பார்க்கவில்லை. பன்னிரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கணக்கெடுக்காமல் ஓட்டுவது?

வழி காட்டியவர் டிக்கோயாவில் வயரிங் வேலை செய்யும் வயதான பாஸ் (மெக்கானிக்) ஒருவர். "தம்பி, ரெண்டு பேச்சையும் விடு. சென்டர் இருக்கிற எடத்துல ஒரு டீ (T) ஜொயின்ட் போட்டு மெகானிக்கல் கேஜ் ஒண்ணு மாட்டு. ஒயிலே வந்து முள்ளத் தள்ளும், நடுவுல கரண்டு கிடையாது" என்றார். "எவ்வளவு ஆகும்ணே?" என்று கேட்டேன். ஒரு நுவரெலியா ஹயர் காசுக்குள் முடிந்தது.

டேஷ்போர்டில் தெரியும் பழைய முள் உண்மையில் ஒயிலை நேரே அளப்பதில்லை. சென்டருக்குள் ஒரு மெல்லிய தகடு ஒயிலின் அழுத்தத்துக்கு அசைந்து மின்தடையை மாற்றுகிறது. அந்த மாற்றத்தை ஒரே ஒரு வயர் முள்ளுக்குக் கொண்டுபோகிறது. மற்றப் பக்கம் என்ஜின் உடம்பு வழியாக எர்த். வயர், டெர்மினல், எர்த் மூன்றில் எது ஆடினாலும் முள்ளும் ஆடும். மெகானிக்கல் கேஜில் வளைந்த பித்தளைக் குழாய் ஒன்று, ஒயில் தள்ளும்போது நிமிரப் பார்க்கும். அந்த அசைவுதான் முள்ளைத் திருப்புகிறது. மாட்டும்போது மரையில் டேப்பை அள்ளிச் சுற்றக்கூடாது. சென்டருக்கு எர்த் கிடைப்பதே அந்த மரையால்தான்.

முதல் வாரமே பலன் தெரிந்தது. அதே குழியில் பழைய முள் பூச்சியத்துக்கு விழுந்தது, புது முள் 45 பிஎஸ்ஐயில் (அழுத்தத்தின் அளவு) அசையாமல் நின்றது. பாஸ் வயரைப் பிடித்து இழுத்துக் காட்டினார். சூட்டில் உறை வெடித்து, டெர்மினல் பச்சை பூத்திருந்தது. நுனியை வெட்டிப் புது டெர்மினல் அடித்தோம், எர்த் பட்டியைச் சுரண்டி இறுக்கினோம். அந்த விழுகை நின்றது. நானும் நிம்மதியானேன்.

ஒகஸ்டில் ஒரு குடும்பத்தோடு லபுக்கலையில் இருந்து இறம்பொடைக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். இடது பக்கக் கொண்டை ஊசி வளைவில் புது முள் 40ல் இருந்து 15க்கு இறங்கி, வளைவு முடிந்ததும் ஏறியது. அடுத்த இடது வளைவிலும் அப்படியே. பழைய முள் இருந்த இடத்திலேயே இருந்தது. ஓரம் கட்டி, என்ஜினை நிறுத்தி, கொஞ்சம் பொறுத்து ஒயில் அளவு பார்க்கும் கம்பியை, டிப்ஸ்டிக்கை, இழுத்தால் ஒயில் நிறைவு. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மெதுவாக இறக்கி, புசல்லாவையில் சமதரையில் நிறுத்தி மறுபடி பார்த்தேன். கீழ்க்கோட்டுக்கும் கீழே.

எங்கள் லயத்தருகே சமதரை கிடையாது. ஒவ்வொரு நாளும் சரிவில் நிற்கும் வண்டியில் தான் ஒயில் பார்த்திருக்கிறேன். என்ஜினுக்கு அடியில் ஒயில் தேங்கும் சம்பில் ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கி, டிப்ஸ்டிக்கில் நிறைவாகக் காட்டியிருக்கிறது. வருசக்கணக்கில் குறைந்த ஒயிலோடு ஓடியிருக்கிறேன் என்று நினைக்க இன்றும் நெஞ்சு பதறுகிறது. இறக்கத்திலும் வளைவிலும் இருக்கிற ஒயிலும் ஒதுங்க, ஒயில் பம்ப் உறிஞ்சும் குழாய் காற்றை இழுத்திருக்கிறது. 15W-40 ஒயில் ஒரு லீற்றருக்கு மேல் பிடித்தது. அதற்குப் பிறகு அந்த வளைவுகளில் முள் இறங்கவே இல்லை. ஒரே என்ஜினில் இரண்டு கோளாறு. ஒன்று பொய், மற்றது மெய். டேஷ்போர்டில் தெரிந்தது பொய்தான்.

இப்போது ஞாயிறு பின்னேரம் தோட்டத்து பெக்டரி முற்றத்துக்குக் கொண்டுபோய்த்தான் டிப்ஸ்டிக் பார்க்கிறேன். மலைநாட்டில் ஓட்டுகிறவர்கள் சமதரை ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். குறைகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். ஊற்றாமலே அளவு கூடி டீசல் வாடை அடித்தால், டீசல் சம்புக்குள் கசிகிறது, ஒயில் தண்ணீர்போல இளகுகிறது.

என் வண்டியில், குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் 60க்கு மேல். சூடேறி 2000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு என்ஜின் சுற்று) 45. சூடான ஐட்லிங்கில், அதாவது வண்டி நிற்க என்ஜின் மட்டும் ஓடும்போது, 18. நாவலப்பிட்டியில் இருந்து கினிகத்தேனை ஏறி நிறுத்தினால் 14 வரை இறங்கும். ஆயிரம் ஆர்பிஎம்முக்குப் பத்து பிஎஸ்ஐ இருந்தால் பயமில்லை என்பது பாஸ்மார் கணக்கு, ஆனாலும் உங்கள் என்ஜினின் கைநூல் சொல்வதுதான் முதல். உண்மையான பேரிங் தேய்மானம் குழியில் சடாரென்று விழாது; சூடான ஐட்லிங்கில் மாதக்கணக்கில் மெல்ல இறங்கும், பிறகு தட்டும் சத்தமும் கேட்கும். அதனால் மாதம் ஒரு தடவை அந்த இலக்கத்தைக் கொப்பியில் எழுதுகிறேன்.

கேஜிலும் குறை உண்டு. அதோடு வந்த நைலோன் குழாய் என்ஜின் சூட்டில் இறுகி, பதினாலாம் மாதம் ஜொயின்ட் அருகே வெடித்துக் காலடியில் சூடான ஒயில் கொட்டியது. நல்லவேளை, பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்துகொண்டிருந்தேன். அன்றே செப்புக் குழாய் போட்டேன். அதிர்வில் முறியாமல் இருக்க என்ஜின் பக்கம் இரண்டு சுற்றுச் சுருட்டி, தகட்டைத் துளைக்கும் இடத்தில் ரப்பர் வளையம். வாங்கும்போதே நைலோனை ஒதுக்கிவிடுங்கள். உள்ளே எரியும் பல்ப் மங்கல், நானுஓயாப் பனிமூட்டத்தில் விடியற்காலை இலக்கம் தெரியாது. எல்ஈடி மாற்றியபின் சரி.

போன மாதக் கொப்பியில் சூடான ஐட்லிங் 16. என்ஜினை இன்னும் இறக்கவில்லை.