பாலினாஹிஞ்சா, டெல்ஃபியா? அயர்லாந்தின் மேற்குக் கரைக்குச் சால்மன் தேடிப் போகிறவர்களுக்கு

அட்லாண்டிக் சால்மனை ஃப்ளை தூண்டிலில், அதாவது கொக்கியில் இறகும் நூலும் கட்டிய செயற்கை இரையை வீசிப் பிடிக்க அயர்லாந்து போகலாம் என்று முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் இரண்டு பெயர்களுக்கு நடுவில் வந்து நிற்பார்கள். ஒன்று கால்வே கவுன்டியின் பாலினாஹிஞ்ச் காசில், மற்றது மாயோ கவுன்டியின் டெல்ஃபி லாட்ஜ். காரில் போனால் இரண்டுக்கும் இடையே சுமார் ஒரு மணி நேரம்தான். இரண்டுமே பழைய வீடுகள், இரண்டையும் சுற்றி மலையும் ஏரியும் இருக்கின்றன. படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க முயன்றால் குழப்பம்தான் மிஞ்சும். எந்த மாதம் போகிறீர்கள், ஆற்றில் நின்று வீசப் போகிறீர்களா படகிலிருந்து வீசப் போகிறீர்களா, கூட வருகிறவர்களில் மீன் பிடிக்காதவர்கள் உண்டா என்ற மூன்று கேள்விகளுக்கும் முதலில் பதில் தேடுங்கள். தேர்வு தானாக அமையும்.

பாலினாஹிஞ்ச் மார்ட்டின் குடும்பத்தின் வீடாக இருந்தது. விலங்குகளைக் கொடுமைப்படுத்துவதற்கு எதிராக 1822-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சட்டம் கொண்டுவந்த ரிச்சர்ட் மார்ட்டின் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர். நம்மவர்களுக்கு இன்னும் நெருக்கமான பெயர் ஒன்றும் உண்டு. ரஞ்சி டிராபிக்குப் பெயர் தந்த ரஞ்சித்சிங்ஜி, நவாநகரின் ஜாம் சாகேப் (அரசர்), 1920-களில் இந்த எஸ்டேட்டை வாங்கினார். 1933-இல் இறக்கும்வரை இது அவருடைய கோடை இல்லம். ஓவன்மோர் ஆற்றங்கரையில் மேடைகளும் சிறு குடில்களும் கட்டி மீன்பிடிப்பைச் சீர்செய்தவர் அவர்தான். அந்த வேலையின் பலன் இன்றைய தூண்டில்காரருக்கும் கிடைக்கிறது. பல இடங்களில் ஆழமாக இறங்காமல் கரையோரத்திலிருந்தே மீன் தங்கும் நீருக்கு வீசலாம்.

டெல்ஃபி, ஸ்லைகோ மார்க்விஸ் என்ற பிரபு 1830-களில் கட்டிய வேட்டை மாளிகை. அதன் வரலாற்றில் ஒரு கொடிய நாளும் உண்டு. 1849 மார்ச் மாத இறுதியில், அயர்லாந்தின் பெரும் பஞ்சத்தின் நடுவே, நிவாரணம் கேட்டு லூயிஸ்பர்க்கிலிருந்து பசியோடு நடத்தி வரப்பட்ட மக்கள் இந்த வீட்டில்தான் அதிகாரிகளைச் சந்தித்தார்கள். வெறுங்கையோடு திரும்பிய வழியில் டூலஃப் ஏரிப் பள்ளத்தாக்கில் பலர் இறந்தார்கள். அந்தச் சாலையில் நிற்கும் நினைவுக்கல்லில் காந்தியின் வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. வண்டியை நிறுத்தி இறங்கிப் பாருங்கள்.

போய்ச் சேரும் வழி

இந்தியாவிலிருந்து அயர்லாந்துக்கு நேரடி விமானம் இல்லை. வளைகுடா நகர் ஒன்றில் விமானம் மாறி டப்ளினில் இறங்குவது எளிது. லண்டன் வழியாக வந்தால், இந்திய பாஸ்போர்ட்காரர்கள் பிரிட்டனின் டிரான்சிட் விதியைத் தனியாகப் பார்க்க வேண்டும். அயர்லாந்து ஷெங்கனில் இல்லை என்பதால் ஷெங்கன் விசாவை வைத்துக்கொண்டு உள்ளே போக முடியாது. பலர் சறுக்குவது இங்கேதான்.

பாலினாஹிஞ்சுக்கு டப்ளினிலிருந்து எம்6 நெடுஞ்சாலையில் கால்வே, பிறகு என்59 சாலையில் ஊட்டரார்ட், மாம் கிராஸ், ரீசெஸ் என்று போக வேண்டும். மொத்தம் மூன்றரை முதல் நான்கு மணி நேரம். கார் ஓட்டாதவர்களுக்கு இதுவே வசதி: டப்ளின் ஹூஸ்டன் நிலையத்திலிருந்து கால்வேக்கு ரயில், அங்கிருந்து கிளிஃப்டன் பேருந்தில் ரீசெஸ், கடைசித் துண்டுக்கு முன்பே சொல்லிவைத்த டாக்சி. 1895 முதல் 1935 வரை கால்வே–கிளிஃப்டன் ரயில் பாலினாஹிஞ்சிலேயே நின்றது. இன்று அந்த வசதி இல்லை.

டெல்ஃபிக்கு ஹூஸ்டனிலிருந்து வெஸ்ட்போர்ட் வரை ரயிலில் வரலாம். அதற்கு அப்பால் கார் இல்லாமல் முடியாது. லூயிஸ்பர்க், டூலஃப் வழியாக ஆர்335 சாலை சுமார் முக்கால் மணி நேரம். குறுகலான சாலை, நடுவில் ஆடுகள் படுத்திருக்கும், இருட்டிய பிறகு ஓட்ட வேண்டாம். வண்டி இடப்பக்கம்தான் ஓடும் என்பது நமக்கு நிம்மதி. டப்ளின் விமான நிலையத்திலிருந்து மேற்கே வரும்போது எம்50-இல் சுங்கச்சாவடி கிடையாது, கேமரா மட்டும் இருக்கும். மறுநாள் இரவு 8 மணிக்குள் இணையத்தில் கட்டணம் செலுத்தாவிட்டால் அபராதம் வாடகை கார் நிறுவனம் வழியாக வந்து சேரும். வாடகையிலேயே சேர்த்திருக்கிறார்களா என்று சாவி வாங்கும்போதே கேளுங்கள்.

இரவு முழுக்க விமானத்தில் வந்தவர், அன்றே நாலு மணி நேரம் ஓட்டி, மாலையில் ஆற்றில் இறங்குவது ஆபத்து. முதல் இரவைக் கால்வேயிலோ வெஸ்ட்போர்ட்டிலோ கழியுங்கள்.

தண்ணீர்

உண்மையான வேறுபாடு இங்கேதான். பாலினாஹிஞ்ச் ஆற்று மீன்பிடிப்பு. ஓவன்மோருக்கு மேலே ஏரிகள் சங்கிலியாக இருப்பதால் மழைநீர் தேங்கி மெதுவாக இறங்குகிறது. வெறும் மலையாறு ஒரே நாளில் வடிந்துவிடும், இது சில நாள் தாங்கும். ஆற்றைப் ‘பீட்’ எனப்படும் பகுதிகளாகப் பிரித்து முறைவைத்துத் தருகிறார்கள். உங்கள் பகுதியில் வேறு யாரும் குறுக்கே வரமாட்டார்கள். புதிதாகக் கற்பவருக்கு இது பெரிய நிம்மதி.

டெல்ஃபியில் ஆறும் உண்டு ஏரியும் உண்டு. பன்டோரகா ஆறு இரண்டரை கிலோமீட்டர் அளவுக்கு ஓடி கில்லரி கடற்கழியில் கலக்கிறது. மேலே ஃபின்லஃப், டூலஃப் ஏரிகள். ஏரியில் படகைக் காற்றோடு மிதக்கவிட்டு, முன்னால் குறுகிய வீச்சாக இரண்டு மூன்று ஃப்ளைகளை வீசி, அலைமேல் இழுக்கும் அயர்லாந்துப் பாணி. இதற்குக் காற்று வேண்டும். கண்ணாடிபோல் ஏரி கிடக்கும் நாளில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் பயனில்லை. ஆனால் ஆறு வற்றிய வாரத்தில் காற்று அடித்தால் ஏரி கைகொடுக்கும். இந்த இரண்டாவது வாய்ப்புக்காகவே, ஓரளவு பழகியவருக்கு டெல்ஃபியைச் சொல்வேன்.

மாதம்? இரண்டு இடத்திலும் மீன்பிடிக் காலம் பிப்ரவரி 1 முதல் செப்டம்பர் 30 வரை. ஏப்ரல், மே மாதங்களின் பெரிய வசந்தகால சால்மன்தான் ஆசை என்றால் டெல்ஃபி. கடலில் ஒரே குளிர்காலம் கழித்துத் திரும்பும் சிறிய ‘கிரில்ஸ்’ ஜூன் இறுதியிலிருந்து கூட்டமாக ஏறும்போது பாலினாஹிஞ்ச் நல்ல தேர்வு. ஜூலையில் காற்று நின்றால் மிட்ஜ் பூச்சிகள் முகத்தை மொய்க்கும். தலையை மூடும் வலை எடுத்துப் போங்கள். நீர் வெப்பம் 20 டிகிரி செல்சியஸை நெருங்கினால் ராடை (தூண்டில் கோலை) எடுத்து வைத்துவிடுங்கள். அந்தச் சூட்டில் பிடித்துத் திரும்ப நீரில் விடும் மீன் பிழைப்பது கடினம்.

கருவிகள்

ஆற்றுக்கு 10 அடி, 7 அல்லது 8 எண் (எந்தக் கன லைனுக்கு ஏற்றது என்பதன் எண்) ஒற்றைக்கை ராட் போதும். காற்று நாட்களுக்கு 11–12 அடி இலகுவான இருகை ராட். மிதக்கும் லைனும் (வீசும் கனமான நூல்), அதன் முனையில் மாட்ட மூழ்கும் லீடர் என்ற இணைப்பு நூல் ஒன்றும் வேண்டும். 10–12 பவுண்டு நைலான், 8 முதல் 12 எண் கொக்கியில் காஸ்கேட், ஆலிஸ் ஷ்ரிம்ப் என்ற ஃப்ளைகள். ஏரிக்குக் கிளாரட் பம்பிள், கிரீன் பீட்டர், பிபியோ. நான்கு துண்டாகப் பிரியும் 10 அடி ராட், குழாயில் 80 செ.மீ. அளவில் அடங்கும். கொக்கிகளைச் செக்-இன் பெட்டியில் வையுங்கள்.

வழக்கமான தவறு, மீன் தொட்டதும் ராடை வெடுக்கென்று தூக்குவது. சால்மன் ஃப்ளையை வாயில் கவ்வித் திரும்பும்போது தன் எடையாலேயே கொக்கி குத்தும். லைன் கனமாக இறுகும்வரை காத்திருந்து, பிறகு ராடைத் தூக்குங்கள். டிரவுட் மீன் பிடித்துப் பழகிய கைக்கு இதுதான் மிகக் கடினமான பாடம்.

வேறு நாட்டு ஆற்றில் நனைந்த உடுப்பும் வலையும் உடன் வந்தால், கிளம்பும் முன்பே கிருமி நீக்கி நன்றாக உலர்த்துங்கள். கைரோடாக்டைலஸ் சாலாரிஸ் என்ற ஒட்டுண்ணி நார்வேயின் பல ஆறுகளில் இளம் சால்மனை அழித்தது. அயர்லாந்தில் அது இல்லை. இனியும் வராமலிருக்க வேண்டும்.

வீடும் மேசையும்

பாலினாஹிஞ்ச் முழுமையான ஹோட்டல். தோட்டம், நடைபாதை, ஃபிஷர்மேன்ஸ் பப் எல்லாம் உண்டு. மீன் பிடிக்காத குடும்பத்தாருக்கு நாள் போய்விடும். டெல்ஃபி 13 அறைகள் கொண்ட கிராமத்து மாளிகை. இரவு உணவு எல்லாருக்கும் ஒரே நீண்ட மேசையில், அன்று சால்மன் பிடித்தவருக்குத் தலைமை இருக்கை. அயலாரோடு பேசிச் சாப்பிடப் பிடிக்காதவர் அங்கே இடறுவார். சைவ உணவை இரண்டிலும் முன்பதிவிலேயே எழுதிக் கேளுங்கள்.

டெல்ஃபியிலிருந்து சிறிது தூரத்தில், ஆஸ்லே அருவியில் முடியும் எரிஃப் ஆறு அரசின் மீன்வள அமைப்பின் கையில் இருக்கிறது. கைடு இல்லாமல் தானே சமாளிப்பவர்கள் அதையும் பாருங்கள்.

பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்க வேண்டியவை: அறைக் கட்டணத்தில் பீட் சேர்ந்ததா, ‘கில்லி’ எனப்படும் வழிகாட்டிக்குத் தனிக் கட்டணமா, ஒரு ராடை இருவர் மாறி மாறி வீசலாமா, படகு யாருக்கு எந்த நாள். அரசின் சால்மன் உரிமம் தனியாக வேண்டும். அதனுடன் வைத்துக்கொள்ளும் மீனில் மாட்டும் டேக்கும் (அடையாளச் சீட்டு), பிடித்ததைக் குறிக்கும் பதிவேடும் தருவார்கள். எந்த ஆற்றில் மீனை வைத்துக்கொள்ளலாம், எதில் விட்டுவிட வேண்டும் என்பது ஆண்டுதோறும் மாறும். தூண்டிலில் பிடித்த சால்மனை விற்பது குற்றம். ஒரு மீன்கூடக் கிடைக்காவிட்டாலும் பதிவேட்டை நிரப்பித் திருப்பி அனுப்புவது கட்டாயம். அடுத்த ஆண்டு எந்த ஆறு திறந்திருக்கும் என்று கணக்கிடும்போது அந்தத் தகவலும் சேர்கிறது.