14 கேள்வி, 14 'இல்லை'

நாற்பது நொடிகூட ஆகியிருக்காது. ஸ்கேன் சென்டர் கவுண்டரில் இருந்த பையன் மார்பகப் பரிசோதனைக்கான ஃபாரத்தை எடுத்தான், மேலிருந்து கீழே 14 கட்டத்திலும் 'இல்லை', 'இல்லை' என்று டிக் அடித்துக்கொண்டே போனான், "ஆண்டி, இங்க ஒரு சைன்" என்று அக்காவிடம் நீட்டினான். அக்காவும் கண்ணாடிகூடப் போடாமல் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

இந்த முறை இங்கிலாந்திலிருந்து வந்து வேலூரில் 19 நாள் இருந்தேன். சிம் கார்டு பத்தே நிமிடத்தில் கிடைத்தது, அண்ணன் மகன் கல்யாணம் குறையில்லாமல் நடந்தது, முள்ளு கத்திரிக்காய் எண்ணெய்க் குழம்பு மூன்று தடவை சாப்பிட்டேன். அதையெல்லாம் எழுத உட்கார்ந்தால் எழுத்து வரவில்லை. அந்த ஃபாரம்தான் வந்து நிற்கிறது.

அக்காவுக்கு 56 வயது. போன வருடம்தான் மாதவிலக்கு நின்றது. "மேமோகிராம் எடுத்திருக்கியா?" என்று கேட்டேன். மார்பகப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க எடுக்கும் எக்ஸ்ரே அது. "அது இன்னாத்துக்குடி? எனக்கு ஒண்ணும் இல்லயே" என்றாள். இங்கிலாந்தில் 50 தாண்டினால் 71-வது பிறந்தநாள் வரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை கடிதம் வீட்டுக்கு வரும். சூப்பர் மார்க்கெட் வாசலில் வேன் நிற்கும். காய்கறிப் பையோடு போய் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். இங்கே அக்காவுக்கு யார் கடிதம் போடுவார்கள்? 30 வயதுக்கு மேல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கையால் மார்பைப் பரிசோதிக்க வேண்டும் என்று அரசு வழிமுறை இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021-ல் வந்த திட்டத்தில் பக்கத்து வீட்டுக்கு பிரஷர் மாத்திரை வாசலுக்கே வருகிறது. ஆனால் சத்துவாச்சாரியில் சொந்த வீடு, மாமாவுக்கு லாங் பஜாரில் கடை என்று இருக்கும் அக்கா அரசாங்க ஆஸ்பத்திரிப் பக்கம் போக மாட்டாள். தனியாரிடம் போகிற அளவுக்கு எனக்கு என்ன வந்துவிட்டது என்பாள். ஆக, எதிலுமே அவள் சிக்கவில்லை.

சரி, நான் காசு கட்டுகிறேன் என்று ஒரு ஸ்கேன் சென்டரில் பெண்களுக்கான பேக்கேஜ் ஒன்றைப் பிடித்தேன். பெயர் வேண்டாம். காலையில் வெறும் வயிற்றோடு போய், டோக்கன் வாங்கி, ரத்தம் கொடுத்து, இட்லி சாப்பிட்டு, மறுபடி ரத்தம் கொடுக்கும் வழக்கம் உங்களுக்கே தெரியும். ஏசி குளிரில் கை விறைத்தது. வெளியே பத்து மணிக்கே வேலூர் வெயில் தாரைக் காய்ச்சிக்கொண்டிருந்தது.

"தம்பி, கேக்காமலே எல்லாத்துக்கும் இல்லைனு போட்டா எப்படி?" என்றேன்.

"எல்லாருக்கும் அப்படித்தான் மேடம். அத யாரும் பாக்க மாட்டாங்க."

யாரும் பார்க்காத ஃபாரத்தை எதற்கு அச்சடிக்கிறீர்கள்? கோட்டை இருக்கு ராஜா இல்லை, கோயில் இருக்கு சாமி இல்லை, ஆறு இருக்கு தண்ணி இல்லை என்று நம் ஊரைக் கிண்டல் செய்வார்கள். ஜலகண்டேசுவரர் 1981-லேயே கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டதால் அதில் ஒன்று குறைந்தது. அந்த இடத்தில் இதைச் சேர்த்துக்கொள்ளலாம்: ஃபாரம் இருக்கு, கேள்வி இல்லை.

புது ஃபாரம் ஒன்று கேட்டு வாங்கினேன். பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். 'ஃபாரின் மேடம்' என்று நினைத்திருப்பான். இருக்கட்டும். மூலையில் இரண்டு நாற்காலி பிடித்து உட்கார்ந்து படித்தால், ஃபாரம் நல்ல ஃபாரம். மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுவது எது, குறைப்பது எது என்று தெரிந்த யாரோ எழுதியிருக்கிறார்கள்.

முதல் கேள்வி, பெரியவளானது எந்த வயதில். அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். ஆறாம் வகுப்பு, 11 வயது. எனக்கு அந்தப் பந்தலும் புட்டு வாசனையும் இன்னும் ஞாபகம் இருக்கிறது. எப்போது நின்றது? 55. பன்னிரண்டுக்கு முன்னால் வந்து, 55-ஐத் தாண்டி நின்றால் இரண்டுமே கணக்கில் ஏறும். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் மார்புத் திசுவைத் தூண்டிக்கொண்டே இருக்கும் வருடங்கள் கூடுகின்றன என்பதுதான் காரணம். மாதவிலக்கு நிற்பது ஒரு வருடம் தள்ளிப்போனால் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 3 சதவீதம் கூடும் என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ஏற்கெனவே இருக்கும் வாய்ப்பில் 3 சதவீதம்தான், நூற்றுக்கு மூன்று பேர் என்று அர்த்தம் இல்லை. "அம்பத்தஞ்சு வரைக்கும் வந்துச்சுன்னா உடம்பு ஸ்ட்ராங்குனு இல்ல நெனச்சேன்" என்றாள் அக்கா. நம் பெண்களுக்கு 46, 47-லேயே நின்றுவிடுவது சகஜம் என்பதால், தாமதமாக நிற்பது வீட்டில் பெருமையாகக்கூடப் பேசப்பட்டது.

பிள்ளை எத்தனை, முதல் பிள்ளை எந்த வயதில், எத்தனை மாதம் பால் கொடுத்தது. இங்கே அக்காவுக்கு நல்ல மார்க். 23-ல் பெரியவன், 26-ல் சின்னவள், இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட இரண்டிரண்டு வருடம் பால். ஒவ்வொரு 12 மாதப் பாலுக்கும் வாய்ப்பு 4.3 சதவீதமும், ஒவ்வொரு பிரசவத்துக்கும் 7 சதவீதமும் குறைகிறது என்று 2002-ல் வந்த கணக்கு உண்டு. 30 நாடுகளின் தரவு. அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

எடைக் கேள்வியில் வாடியது. மாதவிலக்கு நின்ற பிறகு சூலகம் (ஓவரி) ஈஸ்ட்ரோஜன் சுரப்பதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடும், ஆனால் உடம்புக் கொழுப்பு அதைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் இந்த வயதில் ஏறும் எடை முக்கியம் என்று விளக்கினேன். "அப்படின்னா கட மூடியும் பின்வாசல்ல வியாபாரம் நடக்குதுன்னு சொல்லு" என்றாள், வியாபாரி பெண்டாட்டி. இதைவிடச் சுருக்கமாக எந்த டாக்டரும் எனக்குச் சொன்னதில்லை.

குடிப்பழக்கம் உண்டா என்றதற்குச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அப்புறம் அந்தக் கேள்வி. ரத்த உறவில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய், சூலகப் புற்றுநோய் இருந்ததா? 'இல்லை' என்று நானே டிக் அடிக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்தாள்.

"ஆற்காட்டு அத்தைக்கு இருந்துச்சேடி."

1987-ல் அத்தை செத்துப்போனபோது எனக்கு 13 வயது. மஞ்சக்காமாலை என்று சொன்னார்கள். இத்தனை வருடமும் நான் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு அப்போது 18. ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனவள் அவள். மார்க்கட்டி, புண்ணாகி, வாசனை வந்து, கடைசியில்தான் காட்டியிருக்கிறார்கள். அத்தைக்கு 44 வயது. அத்தை பெண்ணுக்கு வரன் தேட வேண்டும், வெளியே தெரிந்தால் யார் கட்டுவார்கள் என்று அப்பா சத்தியம் வாங்கிக்கொண்டாராம். 38 வருடம் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டு, டோக்கன் நம்பர் அழைக்கும் ஸ்பீக்கருக்குக் கீழே உட்கார்ந்து சொல்கிறாள்.

"ஆனா அப்பா வழிதான? அம்மா வழின்னாதான கணக்கு?" என்றாள். நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். பரம்பரையாக வரும் பிஆர்சிஏ மரபணுக் கோளாறு அப்பா வழியாகவும் வரும். அப்பாவுக்கு ஒன்றும் செய்யாமலே மகளுக்கு இறங்கும். அம்மா, கூடப்பிறந்தவள், மகள் என்றால் வாய்ப்பு கிட்டத்தட்ட இரு மடங்கு. அத்தை என்றால் அந்த அளவு கூடாது. ஆனாலும் ஐம்பதுக்கு முன்னால் வந்த ஒன்றை டாக்டரிடம் சொல்லத்தான் வேண்டும். மறுபக்கமும் இருக்கிறது: இந்த நோய் வருகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டில் வேறு யாருக்கும் வந்திருக்காது. பெண்ணாகப் பிறந்து வயதாவதே பெரிய காரணம். பையன் போட்ட 14 'இல்லை'யும் உண்மையாக இருந்தாலும் நிம்மதியாகத் தூங்க முடியாது என்பதுதான் விஷயம்.

உள்ளே மேமோகிராம் அறையில் இருந்தது நரைத்த கொண்டை வைத்த ஒரு சிஸ்டர். நான் எரிச்சலோடுதான் ஃபாரத்தை நீட்டினேன். அந்தம்மா கண்ணாடியை மேலேற்றி 14 வரியும் படித்தார். "எத்தினி மாசம் பால் குடுத்தேம்மா?" என்று மறுபடி கேட்டு, வருடத்தை மாதமாக மாற்றி எழுதினார். அத்தை வரியில் வயதை எழுதி ஒரு வட்டம் போட்டார். "இத டாக்டர்கிட்ட நானே காட்றேன்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இங்கிலாந்து வேனில் எல்லாம் சுத்தமாக, மரியாதையாக, ஆறு நிமிடத்தில் முடிந்துவிடும். ஒருவரும் 'ம்மா' போட்டு என்னை ஒன்றும் கேட்டதில்லை.

அடுத்த நிமிடமே மறுபடி கோபம். படம் எடுத்தபின் சிஸ்டர் திரையைப் பார்த்துவிட்டு, "பவுடர் போட்டுக்கினு வந்தியா?" என்றார். போடாமல்? இந்த ஊரில் குளித்துவிட்டுக் கழுத்துக்கும் அக்குளுக்கும் பவுடர் போடாத பெண் யார்? பவுடர் துகள் படத்தில் வெள்ளைப் புள்ளியாக, சுண்ணாம்புப் படிவு மாதிரித் தெரியும். சில புற்றுநோய்களின் ஆரம்ப அடையாளமும் அதே மாதிரிப் புள்ளிகள்தான். துடைத்துவிட்டு மறுபடி இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து அழுத்த, அக்கா முருகா முருகா என்றாள். பவுடர் வேண்டாம், டியோடரண்ட் வேண்டாம் என்று இங்கிலாந்துக் கடிதத்தில் முன்கூட்டியே எழுதியிருக்கும். இங்கே போனில் மூன்று தடவை பேசியபோது பணம் ஜிபேயா கேஷா என்று கேட்டார்கள், பவுடரைச் சொல்லவில்லை.

ஆனால் ரிப்போர்ட் அன்று மாலையே கையில் கிடைத்தது. அங்கே இரண்டு வாரம் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பயமான மாதிரி ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தது. மாதவிலக்கு நின்றபின் சுரப்பித் திசு குறைந்து கொழுப்பு கூடுவதால் படம் தெளிவாக விழும் என்றும், சுரப்பி அடர்த்தியாக இருந்தால் அதுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை, கண்டுபிடிப்பது கஷ்டம் என்றும் சிஸ்டர் சொல்லியிருந்தார். அக்காவுக்குத் தெளிவாகத்தான் விழுந்திருந்தது.

ராத்திரி மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுத்தோம். அக்கா என் ஃபாரத்தை நிரப்ப ஆரம்பித்தாள். முதல் பிள்ளை 36-ல். பால் ஆறு மாதம். வார இறுதியில் ஒயின். "இதான் அப்ப நீ சிரிக்கலியா" என்றாள். இடுப்பில் ஹார்மோன் பேட்ச், கூடவே ஒரு மாத்திரை. மாதவிலக்கு நிற்கும் பருவத்தில், வேலூர் வெயிலில் வளர்ந்தவளுக்கு அங்கே பனிக்காலத்து ராத்திரியில் வேர்த்து ஊற்றியது. ஒரு வருடம் தூக்கமில்லாமல் இருந்து அப்புறம்தான் அதற்குப் போனேன். ஈஸ்ட்ரோஜனோடு ப்ரோஜெஸ்டோஜன் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த சிகிச்சையில் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு கொஞ்சம் கூடும், வருடம் ஏற ஏற ஏறும், நிறுத்தினால் மெல்ல இறங்கும். கர்ப்பப்பை எடுத்தவர்களுக்குத் தரும் தனி ஈஸ்ட்ரோஜனில் அந்த அளவு இல்லை. 2002-ல் அமெரிக்காவில் இதற்கான பெரிய ஆய்வு ஒன்றைப் பாதியில் நிறுத்தியபோது உலகமே பயந்து மாத்திரையைத் தூக்கிப் போட்டது. நான் அப்படித் தூக்கிப் போடப்போவதில்லை. தூக்கமும் உயிர்தான்.

"எண்ணிப் பாத்தா ஒனக்குத்தான்டி ஜாஸ்தி. என்னை இழுத்துக்கினு போனியே" என்று சிரித்தாள்.

பேட்ச் எழுதித் தருவதற்கு முன்னால் அங்கே டாக்டர் என்னிடமும் ஒரு ஃபாரம் கொடுத்தார். கேள்வியெல்லாம் தெளிவாக இருந்தது, அவசரப்படுத்த யாரும் இல்லை, தேநீர்கூட இருந்தது. குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்ற இடத்தில் என் கையாலேயே 'இல்லை' என்று போட்டிருக்கிறேன்.

இங்கிலாந்து திரும்பியதும் அந்த டாக்டரிடம் நேரம் கேட்டேன். மூன்று வாரம் கழித்துத் தந்திருக்கிறார்கள். நடுவில் அக்காவிடமிருந்து போன்: அத்தை பெண்ணிடம் சொல்லிவிட்டாளாம். அவளுக்கு இப்போது 59. "அம்மாவுக்கு மஞ்சக்காமாலைன்னுல சொன்னீங்க" என்று கேட்டுவிட்டு, ரொம்ப நேரம் போனை வைக்கவே இல்லையாம்.